சாய்ந்து ஓடும் தமிழ்: கழக ஜேர்சிக்குத் தடித்த சாய்வெழுத்து அமைக்கும் வழி

"பெயரைத் தமிழில போட்டா ஸ்போர்ட்டியா வராது அண்ணன். இங்கிலீஷிலயே போடுங்க."

மட்டக்களப்பில் ஜேர்சி வேலை செய்யும் யாரும் இந்த வசனத்தைக் கேட்டிருப்பார்கள். சித்திரை நெருங்கும்போது கல்லடியில் இருந்தும் களுவாஞ்சிகுடியில் இருந்தும் கல்முனையில் இருந்தும் தம்பிமார் மென்பந்துச் சுற்றுப்போட்டிக்கென்று வருவார்கள். கையில் ஏதோவொரு வெளிநாட்டு அணியின் படம் இருக்கும். அதில் உள்ள எழுத்து தடிப்பாக, முன்னால் சாய்ந்து, ஓடத் தயாராக நிற்கும். நம் ஊர்ப் பெயரும் அப்படி வரவேண்டும் என்பதுதான் அவர்களின் ஆசை. ஆனால் அவர்கள் இதுவரை கண்ட தமிழ், பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டி, சாய்க்கும் 'இற்றாலிக்' பொத்தானை அழுத்தி, சுற்றிக் கறுப்புக் கோடு போட்ட தமிழ். அது நன்றாக இல்லை என்று அவர்கள் சொல்வது சரி. அதற்குத் தமிழைக் குறை சொல்வது சரியில்லை.

எழுத்தைச் சாய்க்க ஒரு நொடி போதும். சாய்த்த பிறகு அதைத் திருத்துவதற்குத்தான் ஒரு மணி நேரம் வேண்டும். அந்த ஒரு மணி நேரத்தில் செய்யவேண்டியதை, இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் கணினியைத் திறக்காதீர்கள்

ஒரு தாளில் பென்சிலால் அணியின் பெயரைப் பெரிதாக எழுதுங்கள். எழுத்துகளைப் பாருங்கள். ட, ப, ம, ய எல்லாம் நேர்கோட்டு எழுத்துகள். சாய்த்தால் அழகாக முன்னால் போகும். ண, ழ, ஞ, இ, ஐ சுழியும் வளைவும் உள்ளவை. அவற்றைச் சாய்த்தால் சோர்ந்து விழுவதுபோல இருக்கும். உங்கள் பெயரில் எந்த வகை அதிகம் என்பதை வைத்துத்தான் எவ்வளவு சாய்ப்பது என்று முடிவெடுக்க வேண்டும்.

அதே தாளில் இன்னொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள்: இதை யார், எவ்வளவு தூரத்தில் இருந்து வாசிக்கப்போகிறார்கள்? பெயர்ப்பலகை எழுதுகிறவர்கள் கைக்கொள்ளும் கணக்கு ஒன்று உண்டு. 10 அடித் தூரத்துக்கு 1 அங்குல எழுத்துயரம். அது ஆங்கிலப் பெரிய எழுத்துக்குப் போட்ட கணக்கு. சுழிகள் உள்ள தமிழுக்கு நான் ஒன்றரை அங்குலம் வைப்பேன். மட்டக்களப்பு வெபர் மைதானத்தில் எல்லைக்கோட்டுக்கு வெளியே நிற்கிறவருக்கு முதுகில் உள்ள பெயர் தெரியவேண்டுமானால் இந்தக் கணக்கை முன்கூட்டியே போட்டாக வேண்டும்.

எழுத்துருவைத் தேர்தல்

தடித்த சாய்வெழுத்து ஆங்கிலத்தில் எத்தனையோ உண்டு. சாய்வெழுத்துக்கு அங்கே நீண்ட வரலாறு இருக்கிறது. வெனிஸ் நகரில் ஆல்டுஸ் மனூசியுஸ் 1501இல் சாய்வெழுத்தில் நூல் அச்சிட்டார். அந்த அச்சுகளை வெட்டியவர் பிரான்செஸ்கோ கிரிஃபோ. அது கையெழுத்தைப் பின்பற்றிய சாய்வு. பிறகு 1927இல் ஃபூச்சுராவும் 1957இல் யூனிவேர்ஸும் ஹெல்வெட்டிகாவும் என்ற எழுத்துருக்கள் வந்தன. கோடுகளின் முனையில் குறுங்கோடு இல்லாத இந்த எழுத்துகளின் சாய்வில் கையெழுத்துச் சாயல் கிடையாது. நிமிர்ந்த எழுத்தையே சாய்த்து, சாய்ந்ததால் வந்த கோணலைத் திருத்தியவை அவை. இன்று ஃபீஃபாவின் பெயரிலும் இ.எஸ்.பி.என். தொலைக்காட்சியின் பெயரிலும் நாம் காணும் வேகம் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது.

தமிழ் அச்சில் சாய்வெழுத்து வேரூன்றவில்லை. ஒரு சொல்லை அழுத்திச் சொல்ல நாம் தடித்த எழுத்தையோ மேற்கோள் குறியையோதான் பயன்படுத்தி வந்தோம். அதனால் கூகுள் ஃபொன்ட்ஸில் இலவசமாகக் கிடைக்கும் நல்ல தடித்த தமிழ் எழுத்துருக்களைத் தேடினால் பெரும்பாலும் நிமிர்ந்தவைதான் கிடைக்கும். சாய்ந்த தமிழே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. இலங்கை வடிவமைப்பாளர் தாரிக் அஸீஸ் செய்த கவிவாணர் இயல்பாகவே சாய்ந்தது, அழகானது. ஆனால் அது கையெழுத்து வகை, ஒரே தடிப்பு. கவிதைத் தொகுப்பின் அட்டைக்குப் பொருந்தும், ஜேர்சிக்குப் பொருந்தாது.

ஆகவே நிமிர்ந்த தடித்த எழுத்துருவை எடுத்து நாமே சாய்க்க வேண்டும். நான் அடிக்கடி எடுப்பவை மூன்று. கட்டமரன் 100 முதல் 900 வரை ஒன்பது தடிப்புகளில் வருகிறது. பிரியா ரவிச்சந்திரன் வடிவமைத்தது. பெயரே நம் கட்டுமரத்தில் இருந்து போன சொல் என்பதால் கடற்கரை அணிக்கு அதை எடுக்கும்போது எனக்குத் தனி மகிழ்ச்சி. அடுத்தது அநேக் தமிழ். இதில் தடிப்பை மட்டுமல்ல, அகலத்தையும் மாற்றலாம். மூன்றாவது முக்தா மலர், 200 முதல் 800 வரை. அமைதியான, நம்பகமான எழுத்து. மூன்றும் திறந்த எழுத்துரு உரிமத்தில் வருபவை. வணிக வேலைக்குப் பயன்படுத்தலாம், வடிவத்தை மாற்றலாம். எழுத்துருவைத் தனியாக விற்கக்கூடாது என்பதுதான் முக்கியமான தடை.

களுவாஞ்சிகுடி, காத்தான்குடி, அக்கரைப்பற்று போன்ற அகலமான பெயர்களுக்கு அநேக் தமிழின் ஒடுங்கிய அகலத்தை எடுங்கள். வளர்ந்தவரின் ஜேர்சியில் நெஞ்சுப்பகுதி எழுத்துக்கு 28, 30 சென்ரிமீற்றர்தான் கிடைக்கும். அதற்குள் அடக்க எழுத்தைப் பக்கவாட்டில் பிடித்து நெருக்காதீர்கள். நெருக்கினால் நிற்கும் கோடுகள் மெலியும், படுத்த கோடுகள் அப்படியே தடிப்பாக இருக்கும். எங்கே பிழை என்று சொல்லத் தெரியாதவருக்கும் ஏதோ பிழை என்று தெரிந்துவிடும்.

எவ்வளவு தடிப்பு

ஆகத் தடித்ததையே எடுப்பதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு. 'கண்ணன்' என்று 900 தடிப்பில் அடித்து, திரையில் ஒரு அங்குலத்துக்குச் சுருக்கிப் பாருங்கள். மூன்று சுழி ண எது, இரண்டு சுழி ன எது என்று தெரியாது. சுழிக்குள் இருக்கும் வெள்ளை அடைபட்டுவிடும். துணியில் மை பரவினால் இன்னும் மோசம். ஊர்ப்பெயர் பெரிதாக வரும் நெஞ்சுக்கு 800 அல்லது 900 எடுங்கள். முதுகில் வரும் வீரரின் பெயருக்கு 700 போதும். சுழியின் உள்வெள்ளை அச்சில் 2 மில்லிமீற்றருக்குக் குறையாமல் இருக்கிறதா என்று அளந்து பாருங்கள். குறைந்தால் ஒரு படி மெல்லிய தடிப்புக்கு இறங்குங்கள்.

சாய்த்தல்

பெயரை யூனிகோட்டில் தட்டி, சரியாக வந்திருக்கிறதா என்று எழுத்தெழுத்தாக வாசித்துவிட்டு, அதைக் கோட்டுருவாக மாற்றுங்கள். அதற்கு அழுத்த வேண்டிய விசைகள்: கோரல் ட்ரோவில் கன்ட்ரோலும் கியூவும். இலஸ்ட்ரேட்டரில் கன்ட்ரோல், ஷிஃப்ட், ஓ. இங்க்ஸ்கேப்பில் கன்ட்ரோல், ஷிஃப்ட், சீ. இனி அது எழுத்தல்ல, வரைபடம். புள்ளி புள்ளியாகத் திருத்தலாம். நிமிர்ந்த பிரதி ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பத் திரும்பத் தேவைப்படும்.

கோணத்தை எண்ணாகக் கொடுத்துச் சாய்க்க வேண்டும், கையால் இழுத்தல்ல. கையால் இழுத்தால் நாளை முதுகு இலக்கத்துக்கு அதே கோணம் வராது. 100 மில்லிமீற்றர் உயர எழுத்தை 8 பாகை சாய்த்தால் உச்சி 14 மில்லிமீற்றர் வலப்பக்கம் போகும். 12 பாகையில் 21, 20 பாகையில் 36. ஆங்கிலத்தில் 12 பாகை சாதாரணம். அதற்கு மேலும் போகிறார்கள். தமிழுக்கு என் அளவு 8 முதல் 10. ட, ப, ம நிறைந்த பெயரென்றால் 12 வரை துணியலாம். ண, ழ, ஞ கூடிய பெயரை 8க்கு மேல் கொண்டுபோவதில்லை.

இப்போது திருத்தம். ஒரு வட்ட வளையத்தைச் சாய்த்துப் பார்த்தால் காரணம் விளங்கும். சாய்ந்த வளையம் மேல்வலதிலும் கீழ்இடதிலும் தடிக்கும். மேல்இடதிலும் கீழ்வலதிலும் மெலியும். 12 பாகையில் ஒருபுறம் ஏறத்தாழ 10 சதவீதம் கூடும், மறுபுறம் அதே அளவு குறையும். ல, ள, ண, ழ எல்லாவற்றிலும் ஒவ்வொரு சுழிக்கும் இதுதான் நடக்கும். தடித்த எழுத்தில் அது சுழி நசுங்கியதுபோலத் தெரியும். வளைவின் மேல்வலப் புள்ளியைக் கொஞ்சம் உள்ளே தள்ளுங்கள், மேல்இடப் புள்ளியைக் கொஞ்சம் வெளியே இழுங்கள். கீழே இதற்கு மறுதலை. நிமிர்ந்த பிரதியில் அந்த இடத்துத் தடிப்பு எவ்வளவோ அதற்குக் கிட்ட வரும்வரை செய்யுங்கள். முதல் பெயருக்கு அரை மணி நேரம் போகும். நாலாவது பெயரில் கை தானாகப் போகும்.

அடுத்தது மெய்ப்புள்ளி. சாய்ந்ததும் அது முட்டை வடிவாகிவிடும். அதை அழித்துவிட்டு உண்மையான வட்டம் ஒன்று போடுங்கள். எங்கே வைப்பது? எழுத்தின் நடுவில் இருந்து உங்கள் சாய்வுக் கோணத்திலேயே மேலே ஒரு கோடு கீறி, அந்தக் கோட்டின்மேல் வையுங்கள். எழுத்துக்கு நேர் மேலே வைத்தால் புள்ளி பின்னால் தங்கிவிட்டதுபோல இருக்கும். முதல்நாள் வேலையில் நான் அப்படித்தான் வைத்தேன். சொல் முழுவதும் முன்னால் ஓட, புள்ளிகள் மட்டும் பின்னால் நின்றன.

இடைவெளி: 'மட்டக்களப்பு' என்ற ஒரு சொல்லில்

நம் மாவட்டத்தின் பெயரே இதற்கு நல்ல பாடம். ம, ட், ட, க், க, ள, ப், பு. எட்டு எழுத்து. ட என்பது இடப்பக்கம் நிற்கும் ஒரு கோடு, கீழே வலப்பக்கம் நீளும் ஒரு கோடு, அவ்வளவுதான். அதன் வலது மேற்பக்கம் வெறும் வெளி. அப்படி இரண்டு ட அடுத்தடுத்து வரும்போது சொல்லின் நடுவில் இரண்டு ஓட்டை விழும். நிமிர்ந்த எழுத்தில் கண் இதற்குப் பழகியிருக்கும். தடித்துச் சாய்ந்ததும் ம ஒரு கறுப்புக் கட்டி, க்க ஒரு கறுப்புக் கட்டி, இடையில் வெளிச்சம் என்று ஆகிவிடும்.

இதை எழுத்துகளை நெருக்கி மட்டும் சரிசெய்ய முடியாது. முதல் ட-வின் படுத்த கோடு அடுத்த ட-வின் காலில் போய் முட்டும். அதனால் அந்தப் படுத்த கோட்டின் முனையில் உள்ள இரண்டு புள்ளிகளைப் பிடித்து இடப்பக்கம் இழுத்து, கோட்டைக் குறுக்குங்கள். எட்டில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். பிறகு அடுத்த எழுத்தை அந்த அளவுக்கு உள்ளே தள்ளுங்கள். வெட்டிய முனை நேராக நிற்கக்கூடாது, அதுவும் சொல்லின் சாய்வுக் கோணத்திலேயே வெட்டப்பட்டிருக்க வேண்டும். இந்தச் சின்ன வெட்டுத்தான் எழுத்துக்கு அந்த 'ஸ்போர்ட்டி' முகத்தைக் கொடுக்கிறது.

கடைசியில் வரும் பு ஒரு கொடை. அதன் கால் கீழே இறங்குகிறது. சாய்க்கும்போது அடிக்கோட்டுக்கு மேலே உள்ளதெல்லாம் வலப்பக்கம் போக, கீழே உள்ளது இடப்பக்கம் போகும். ஆகவே அந்தக் கால் தானாகவே சொல்லின் அடியில் பின்னோக்கிப் போகிறது. அதை இன்னும் இடப்பக்கம் நீட்டி, மெல்ல ஒடுக்கி, சொல்லுக்கு அடிக்கோடாக ஆக்கலாம். வெளியில் இருந்து ஒரு வால் கொண்டுவந்து ஒட்ட வேண்டியதில்லை. எழுத்துக்குள்ளேயே இருக்கிறது. ஒரு கவனம்: முனையை மேல்நோக்கிச் சுருட்டாதீர்கள், பு பூ ஆகிவிடும்.

இடைவெளி சரியா என்று பார்க்கச் சொல்லைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். வாசிக்க முடியாதபோது கண் வடிவத்தை மட்டும் பார்க்கும். ஓட்டை எங்கே என்று உடனே பிடிபடும்.

திருத்தியும் சரிவராத பெயர்கள் உண்டு. ழ-வும் ண-வும் ஞ-வும் சேர்ந்து வரும்போது நான் சாய்வையே விட்டுவிடுவேன். எழுத்தை நிமிர்ந்தபடி வைத்து, சொல்லை முழுதாக 5 பாகை வலப்பக்கம் உயர்த்தித் திருப்புவேன். படியேறுவதுபோல ஒரு துடிப்பு வரும், எழுத்தும் கெடாது. தம்பிமார் கேட்டது இதுவல்லதான். காட்டினால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

இலக்கமும் ஆங்கிலமும்

முதுகு இலக்கத்துக்கும் ஆங்கிலப் பெயருக்கும் கனிட், பார்லோ கண்டென்ஸ்ட், எக்ஸோ 2 ஆகியவற்றில் முறையாக வரையப்பட்ட சாய்ந்த தடிப்புகள் இலவசமாக இருக்கின்றன. அவற்றின் சாய்வுக் கோணத்தை அளந்து, தமிழை அதற்கு ஏற்பச் சாய்ப்பது எளிது. ஆங்கிலத்தின் பெரிய எழுத்து உயரத்தைத் தமிழ் எழுத்தின் உடல் உயரத்துக்குச் சமமாக வையுங்கள். புள்ளியையும் கொம்பின் வளைவையும் சேர்த்து அளந்தால் தமிழ் சிறுத்துப் போகும். எங்கள் பக்கத்து ஜேர்சிகளில் தமிழ் எப்போதும் ஆங்கிலத்துக்குத் தம்பிபோல ஒடுங்கி நிற்பதற்கு இந்த அளவுப் பிழையும் ஒரு காரணம்.

அனுசரணையாளரின் சின்னத்தைச் சாய்க்கவே கூடாது. அவர்கள் தந்தபடியே வரவேண்டும்.

நிழல், சுற்றுக்கோடு, வேகக்கோடு, நிறக்கலவை எல்லாம் ஒன்றாகப் போடச் சொல்லிக் கேட்பார்கள். ஒன்றை மட்டும் போடுங்கள். எழுத்தைக் குறுக்கே வெட்டிப் போகும் வேகக்கோடு ஆங்கிலத்தில் தாங்கும். தமிழில் அது சுழியை வெட்டி வேறு எழுத்தாக்கிவிடும்.

கோப்பை அனுப்புதல்

நான் தொழிலுக்கு வந்த புதிதில் 'கோட்டைமுனை' என்று ஒரு நெஞ்செழுத்துச் செய்து, கோட்டுருவாக மாற்றாமல் எழுத்தாகவே இன்னொரு கடைக்கு அனுப்பினேன். அந்தக் கடையின் பழைய மென்பொருளுக்கு யூனிகோட் தமிழ் தெரியாது. கொம்பு ககரத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் நின்றது. டகரத்துக்குப் பக்கத்தில் நிற்க வேண்டிய ஐகாரக் கொம்பும் இடம் மாறியது. அச்சடித்தவர் தமிழ் வாசிக்கத் தெரிந்தவர்தான். ஆனால் இரவு பதினொரு மணிக்குப் பதினாறு ஜேர்சி அடிக்கிறவர் எழுத்துக்கூட்டி வாசிக்க மாட்டார். விடிந்ததும் போட்டி. பிள்ளைகள் அதைத்தான் போட்டுக்கொண்டு விளையாடினார்கள். எல்லைக்கோட்டில் நின்ற ஒரு பெரியவர், "என்ன மனே, ஊர்ப்பேரை உடைச்சுப் போட்டீங்க?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

அன்று தொடக்கம் எழுத்தாக எதையும் அனுப்புவதில்லை. கோட்டுருவாக மாற்றிய பி.டி.எஃப். ஒன்று. அதோடு சரியான எழுத்துக்கூட்டலைக் காட்டும் படம் ஒன்று. வட்ஸ்அப்பில் அனுப்பும்போது இரண்டையும் ஆவணமாக அனுப்ப வேண்டும், புகைப்படமாக அனுப்பினால் தரம் குறைந்துவிடும். பாமினியில் செய்த பழைய வேலையைத் திறக்கும்போதும் இதே ஆபத்து உண்டு. பாமினி இல்லாத கணினியில் அது ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் தெரியும். யூனிகோட்டில் புதிதாகத் தட்டிவிடுங்கள்.

துணியில்

சப்ளிமேஷன் முறையில் அடித்தால் துணி பொலியெஸ்டராக இருக்க வேண்டும். 180 முதல் 200 பாகை வெப்பத்தில் மை ஆவியாகி நூலுக்குள் போகும். வெள்ளை மை இதில் கிடையாது. வெள்ளை எழுத்து வேண்டுமென்றால் எழுத்து இருக்கும் இடத்தைத் துணியின் வெள்ளையாகவே விட வேண்டும். பருத்தி ரீசேர்ட்டுக்கு வினைல் வெட்டி ஒட்டுவார்கள். அதற்குக் கூரான முனைகளும் மெல்லிய இடைவெளியும் ஆகாது. வெட்டி உரிக்கும்போது கிழியும், சில தடவை துவைத்ததும் முனை எழும்பும். ட-வின் வெட்டுமுனைகளை ஒரு மில்லிமீற்றர் மழுங்கடித்துவிடுங்கள். இரண்டு முறையிலும் எழுத்து கண்ணாடியில் தெரிவதுபோலத் திருப்பித்தான் அச்சாகும் அல்லது வெட்டப்படும். சாய்வு இடப்பக்கம் போகிறதே என்று பதறாதீர்கள்.

துணிக்குப் போகுமுன் உண்மையான அளவில் சாதாரணத் தாளில் அச்செடுத்து, கடைக்கு வெளியே சுவரில் ஒட்டி, முப்பது காலடி தள்ளிப்போய் நின்று பாருங்கள். கண்ணை இடுக்கிப் பாருங்கள். வேலையில் சம்பந்தப்படாத ஒருவரைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லுங்கள். பெயரை முன்கூட்டிச் சொல்லிவிடாதீர்கள். தடுமாறினால் அவர் எந்த எழுத்தில் நின்றார் என்று கேட்டு, அந்த எழுத்துக்குத் திரும்பிப் போங்கள்.

பிறகு ஒரேயொரு ஜேர்சி மட்டும் அடியுங்கள். அணியில் நடுத்தர உடம்புள்ள தம்பி ஒருவருக்குப் போட்டு, கையைத் தூக்கிப் பந்து வீசச் சொல்லுங்கள். நெஞ்சில் துணி எங்கே மடிகிறது, மடிப்புக்குள் எந்த எழுத்து ஒளிகிறது என்று பார்த்து, பெயரை ஒரு அங்குலம் மேலே ஏற்றவோ கீழே இறக்கவோ வேண்டுமென்றால் அப்போதே செய்துவிட்டு மிச்சப் பதினைந்தையும் அடியுங்கள்.